ஏழாவது வார்டு ஏன் சிவப்பு?

குழந்தையைக் கண்டால் சிலர் கொஞ்சுவார்கள். சிலர் கன்னத்தைக் கிள்ளி, அது அழ ஆரம்பித்ததும் அம்மாவிடம் நீட்டிவிட்டு நழுவுவார்கள். இன்னும் சிலர், "உனக்கு அம்மா பிடிக்குமா, அப்பா பிடிக்குமா?" என்று கேட்டு, நன்றாக இருந்த குடும்பத்தில் ஒரு சின்னக் கலகத்தை மூட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். இங்கே சொல்ல வந்தது வேறோர் இனம். இந்த இனத்தைச் சேர்ந்தவர் குழந்தையைக் கண்டதும் சட்டைப் பையில் பேனாவைத் தேடுவார்.

உங்களுக்கும் இவரைத் தெரியும். கூட்ட அறையில் தேறியது பச்சை, அரைகுறை மஞ்சள், தேறாதது சிவப்பு என்று வண்ணம் தீட்டிய வரைபடத்துக்கு முன்னால் ஒரு குச்சியோடு நிற்பார். ஊரில் ஐந்து வயதுக் குழந்தைகள் எத்தனை, அதில் ஒற்றைக் காலில் நிற்கத் தெரிந்தது எத்தனை, தன் முறை வரும்வரை வரிசையில் காத்திருக்கத் தெரிந்தது எத்தனை, தானே பொத்தான் போட்டுக்கொள்ளத் தெரியாதது எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தசமப் புள்ளி பிசகாமல் ஒப்பிப்பார். அவற்றில் ஒரு குழந்தையின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் மட்டும் கோப்பைப் புரட்டுவார். கோப்பிலும் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். பெயர் எழுதினால் குழந்தையின் அந்தரங்கம் கெட்டுவிடுமாம்.

நம் கதைக்கு வாய்த்தவருக்குப் 'பள்ளித் தயார்நிலை ஒருங்கிணைப்பாளர்' என்று பதவி. ஒரே மூச்சில் இதைச் சொல்ல முடியாத அலுவலகத்துக்காரர்கள் 'சதவீதம் சார்' என்று சுருக்கிவிட்டார்கள். கெட்ட மனிதர் என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்குக் குழந்தைகள் மேல் உயிர். ஆனால் மொத்தமாகத்தான். ஆயிரத்து இருநூறு குழந்தைகள் என்றால் அவருக்குக் கண் கலங்கிவிடும். ஒரே ஒரு குழந்தை எதிரே வந்து நின்றால் என்ன செய்வதென்று தெரியாது. அவர் அறிந்த குழந்தை ஒன்றுதான், அதன் பெயர் சராசரிக் குழந்தை. அது சட்டையின் ஐந்து பொத்தானில் மூன்றே காலைத் தானே போட்டுக்கொள்ளும். மீதி ஒன்றே முக்கால் பொத்தானுக்குத்தான் அவர் திட்டம் தீட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மனைவியோடு நிற்கிறார். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் ஒரு காலில் செருப்போடும், இன்னொரு செருப்பைக் கையில் வைத்துக்கொண்டும் ஓவென்று அழுகிறான். அவன் அம்மா கைக்குழந்தையைச் சமாளித்துக்கொண்டிருக்கிறாள்.

"சுயமாச் செய்துகொள்ளுதல், சிவப்பு" என்றார் சதவீதம் சார் மெதுவாக. "உணர்ச்சிக் கட்டுப்பாடு, மஞ்சள்."

மனைவி குனிந்து, செருப்பை வாங்கி, வாரை அவிழ்த்துக் காலில் மாட்டினாள். அழுகை நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? வார் இறுக்கமா இருந்துது. அவ்வளவுதான்."

"ஒரு குழந்தைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா."

இதுதான் அவருடைய மந்திரம். இன்னும் இரண்டு மந்திரங்களும் உண்டு. யாராவது மறுத்துப் பேசினால், "நான் சொல்லல, தரவு சொல்லுது" என்பார். யாராவது உதவி கேட்டால், "எழுத்துல குடுங்க" என்பார். டீயில் சர்க்கரை போதுமா என்று வீட்டில் கேட்டால்கூட, "போன வாரத்தோட ஒப்பிட்டா பரவாயில்ல" என்றுதான் பதில் வரும். மனைவி பாவம், இருபது வருஷமாக ஒருநாளாவது 'நன்றாக இருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டதில்லை.

மந்திரம் சொல்லும்போது கையில் ஏதாவது வேண்டுமல்லவா? அவருக்குச் சாவிக்கொத்து. அலுவலக அறை, மேஜை, ஸ்கூட்டர் ஆகியவற்றின் சாவிகள் மூன்று. அவற்றோடு என்னவென்றே தெரியாத சாவிகள் இன்னும் பதினொன்று. அந்தப் பதினொன்றில் ஒன்றில் நீல நூல் சுற்றியிருக்கும். இத்தனையும் கோத்த வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே பேசுவார். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அவருக்குச் சதவீதம் வராது. பதினொன்றும் எங்கிருந்து வந்தன என்பதை அவர் மறந்துவிட்டார். நாம் மறக்கக் கூடாது, அதனால் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் இரண்டாவது வார்டு மழலையர் பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி போனார். அவர் கோப்பைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரில் இருந்த படங்களைப் பாராட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு பிள்ளை கத்தரிக்கோலால் கோப்பின் சிவப்பு நாடாவை அழகாக இரண்டாக வெட்டிவிட்டது. ரத்தம் வந்திருந்தால்கூட அவ்வளவு கலவரம் ஆகியிருக்காது. மூன்றாம் நாள் சதவீதம் சார் கையெழுத்தோடு பதினோரு வார்டுகளுக்கும் சுற்றறிக்கை பறந்தது. கூரானவை, உருளக்கூடியவை, விழுங்கக்கூடியவை அனைத்தையும் பள்ளி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கத்தரிக்கோல், கோக்கிற மணி, பொத்தான், களிமண் எல்லாம் உள்ளே போய்விட்டன. சாவிகள் உறையில் வந்தன. அவர் வளையத்தில் கோத்தார். விஷயம் முடிந்தது.

முடிந்ததா? இந்த வருஷம் கணக்கெடுப்பு வந்தது. பெரிய பள்ளியில் முதல் வகுப்பில் சேரப்போகும் ஒவ்வொரு குழந்தைக்கும் எது வரும், எது வராது என்று மழலையர் பள்ளி டீச்சர்கள் படிவம் நிரப்ப வேண்டும். அதில் 'கைத்திறன்' என்று ஒரு பக்கம். கத்தரிக்கோலால் கோட்டின் மேல் வெட்டுகிறதா? மணி கோக்கிறதா? பொத்தான் போடுகிறதா? களிமண்ணை உருட்டுகிறதா? வகுப்பறையில் கண்ணால் கண்டால் மட்டும் 'ஆம்'; காணாவிட்டால் 'இல்லை'. 'தெரியவில்லை' என்று ஒரு கட்டம் வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, "வச்சா எல்லாரும் அதுலயே பாய் விரிச்சுப் படுத்துடுவாங்க" என்று சதவீதம் சார் மறுத்துவிட்டார்.

படிவங்கள் வந்தன, கணினி மென்றது, வரைபடத்தைத் துப்பியது. பத்து வார்டுகள் பச்சையும் மஞ்சளுமாகக் குளுகுளுவென்று இருக்க, ஏழாவது வார்டு மட்டும் செக்கச் சிவப்பு. கைத்திறன், பூஜ்யம் சதவீதம். இருபத்தாறு குழந்தைகளில் ஒன்றுகூட வெட்டவில்லை, கோக்கவில்லை, உருட்டவில்லை. சதவீதம் சார் அந்தப் படத்தை எத்தனையோ கோணத்தில் பார்த்தார். ஏழாவது வார்டில் அம்மாக்கள் வேலைக்குப் போகிறார்களா? வீடுகள் சிறியவையா? டிவி பெரியதா? மூன்றுக்கும் மூன்று அட்டவணை போட்டார். முடிவில் ஒரு பரிந்துரை எழுதினார். ஏழாவது வார்டின் இருபத்தாறு குழந்தைகளும் முதல் வகுப்பில் சேராமல், ஒரு வருஷம் 'காத்திருப்பு வகுப்பில்' உட்கார வேண்டும். தயாரான பிறகு சேரலாம். பெரிய அதிகாரி கூட்டத்தில் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

ஏழாவது வார்டு டீச்சர் இதைக் கேட்டுப் பதறிப்போனாள். போனில் கூப்பிட்டாள்.

"சார், எங்க குழந்தைங்க கத்தரிக்கோலைத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சு சார். அலமாரி பூட்டியிருக்கு."

"எழுத்துல குடுங்க டீச்சர்."

"படிவத்துலயே குறிப்புன்னு இருந்த இடத்துல இருபத்தாறு தடவை எழுதியிருக்கேன் சார்."

"குறிப்பை மென்பொருள் ஏத்துக்காது. அது எண்ணைத்தான் சாப்பிடும். தனியா எழுத்துல குடுங்க."

கொடுத்தாள். அந்தக் கடிதத்தை அவர் பத்திரமாக ஒரு கோப்பில் போட்டார். அந்தக் கோப்பைப் பத்திரமாக ஓர் அலமாரியில் பூட்டினார். இனி அதற்கு ஆபத்தில்லை.

கூட்டம் காலை பதினோரு மணிக்கு. நீள மேஜை, இரண்டு பக்கமும் நாற்காலி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், தட்டில் யாரும் முதலில் எடுக்கத் துணியாத பிஸ்கட். திரையில் படம் காட்டும் கருவி வழக்கம்போல மக்கர் செய்ததால், சதவீதம் சார் வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து மேஜையின் மேல் விரித்திருந்தார். தலைமை நாற்காலியில் பெரிய அதிகாரியான அம்மாள், பேனா மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அவருக்கு இன்னொரு கூட்டம்.

சதவீதம் சார் சாவியைச் சுழற்றிப் பேச ஆரம்பித்தபோது கதவு திறந்தது. டீச்சர் வந்தாள். அவள் பின்னால் தோளில் டேப் தொங்க ஒரு தையல்காரி. தையல்காரியின் விரலைப் பிடித்துக்கொண்டு, தரவில் ஏழு சாய்கோடு பதினெட்டு என்று இருக்கிற அவள் மகள்.

தையல்காரிக்குக் கூட்ட நடைமுறை தெரியாது. நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எம் பொண்ணுக்குக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்களாமே. யாரு எழுதினது?"

"அம்மா, நாங்க சொல்லல. தரவு சொல்லுது."

"அவரைக் கூப்பிடுங்க. நான் கேட்டுக்கறேன்."

யாரோ இருமினார்கள். அவள் விடவில்லை. "மூணு வயசுலேர்ந்து எம் மிஷினுக்கு அடியில உக்காந்து துண்டுத் துணி வெட்டி வளந்தவ சார் இவ. பொம்மைக்குக் கவுன் வெட்டுறா. பெரிய ஸ்கூலுக்குன்னு யூனிபார்ம் தச்சு, வளர்ற புள்ளைன்னு அடியில மூணு விரக்கடை மடிச்சு வச்சிருக்கேன். தினம் எடுத்துப் போட்டுப் பாக்குறா. இவ சேக்காளிங்க இருபத்தஞ்சு பேரும் இவளும் அடுத்த வருஷமும் அதே பாயில உக்காரணும்னா, நான் அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்? ஒனக்கு ஒண்ணும் தெரியலைன்னு சொல்லவா?"

அறையில் இருந்த எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

பெரிய அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். "சரி, வெட்டச் சொல்லுங்க. யாராவது ஒரு தாள் குடுங்க."

அங்கேதான் சிக்கல். மேஜையில் தாளுக்கா பஞ்சம்? ஆனால் ஒருவர் முன்னால் வருகைப் பதிவு, இன்னொருவர் முன்னால் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, மற்றொருவர் முன்னால் நடக்கப்போகும் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு. எல்லோரும் அவரவர் தாளின் மேல் கையை வைத்துக்கொண்டார்கள். யாருடைய கையும் இல்லாமல் கிடந்தது வரைபடம் ஒன்றுதான்.

தையல்காரி பையிலிருந்து துணி சுற்றிய கத்தரிக்கோலை எடுத்தாள். குழந்தை வாங்கவில்லை.

"பேப்பர் வெட்டினா துணிக் கத்தரி மழுங்கிடும்னு சொல்வியேம்மா."

"பரவாயில்ல பாப்பா. இன்னிக்கு ஒரு நாள் வெட்டு."

பாப்பா நாற்காலி மேல் ஏறினாள். வரைபடத்தைத் தடவிப் பார்த்தாள். அவளுக்குச் சிவப்புப் பிடித்திருந்தது போலும். கத்தரிக்கோலைத் திறந்து, சந்தேகம் கேட்கும் முகத்தோடு பெரிய அதிகாரியைப் பார்த்தாள்.

"தையலுக்கு விட்டு வெட்டணுமா, கோட்டு மேலயே வெட்டணுமா?"

மெத்தப் படித்த ஒன்பது பேர் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தையல்காரிதான், "கோட்டு மேலயே" என்றாள்.

குழந்தை தாளின் ஓரத்திலிருந்து ஏழாவது வார்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டது. அந்த எல்லை லேசுப்பட்டதல்ல, தண்டவாளத்தை ஒட்டி வளைந்து, சந்தைக்கு முன்னால் ஒடிந்து, சாக்கடையோடு நெளிந்து போவது. கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. கத்தரியைத் திருப்பாமல் தாளைத் திருப்பித் திருப்பி வெட்டினாள், பெரிய தையல்காரிகள் செய்வதுபோல. ஒரு மயிரிழை வெளியே போகாமல் ஏழாவது வார்டு தனியாகக் கையோடு வந்தது. அது இருந்த இடத்தில் மேஜை தெரிந்தது.

சதவீதம் சார் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அவர் முகம் மலர்ந்தது. மனிதர் மனம் இளகிவிட்டார் என்று டீச்சர் நினைத்தாள். அவளுக்கு என்ன தெரியும்? படத்தில் இப்போது ஓரிடத்திலும் சிவப்பு இல்லை, ஊரின் சராசரி எண்பத்து நான்குக்கு ஏறிவிட்டது என்று அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மலர்ச்சி அடங்கியதும் மந்திரம் வந்தது. "ஒரு குழந்தைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது மேடம். மேலும் இது வகுப்பறையில நடக்கல. பதிவு பண்ண வழியில்ல."

"சரி, இருபத்தாறு பேரை வச்சே சொல்லுங்க" என்றார் பெரிய அதிகாரி. "இவ்வளவு நல்லா வெட்டுற பொண்ணுக்கு 'இல்லை'ன்னு எப்படி வந்துது?"

"அலமாரி பூட்டியிருக்கு மேடம்" என்றாள் டீச்சர். "சுற்றறிக்கை வந்த அன்னிக்கே சாவிய அனுப்பிட்டேன்."

"சாவி எங்க?"

டீச்சர் கை நீட்டிக் காட்டவில்லை. மரியாதை தெரிந்தவள். பார்வையை மட்டும் சதவீதம் சாரின் ஆள்காட்டி விரல்வரை கொண்டுபோய் நிறுத்தினாள். எல்லோர் பார்வையும் அங்கே போயிற்று. சுழன்றுகொண்டிருந்த கொத்து நின்றது.

"நீல நூல் சுத்தினது, சார். அடையாளத்துக்கு."

"நூல் நான் குடுத்தது" என்றாள் தையல்காரி.

பெரிய அதிகாரிக்கு அப்போதுதான் அடுத்த கேள்வி தோன்றியது. "எல்லா வார்டும்தானே பூட்டினாங்க? மத்த பத்து வார்டுல குழந்தைங்க எப்படி வெட்டினாங்க?"

டீச்சர் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். சதவீதம் சார் ஒரு வருஷமாகச் சுழற்றிய சாவிகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஒன்று சைக்கிள் பூட்டுச் சாவி. ஒன்று சூட்கேஸ் சாவி. இரண்டு, எந்தக் காலத்துப் பூட்டுக்கோ உரிய துருப்பிடித்தவை. ஒன்று பொம்மை பீரோவுக்குக்கூடச் சேராது. பத்து வார்டு டீச்சர்களும் சுற்றறிக்கைக்கு ஏதோ ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, குழந்தைகளுக்கு அலமாரியைத் திறந்து கொடுத்திருக்கிறார்கள். சொன்னபடி செய்தது ஏழாவது வார்டு மட்டும்தான். அதற்குத்தான் சிவப்பு.

உண்மையைச் சொன்னால் பத்துப் பச்சையும் சுற்றறிக்கையை மீறிய பச்சை. சொல்லாவிட்டால் ஒரு சிவப்பு தன் விரலில் தொங்குகிற சிவப்பு. வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் எழுத்தில் கேட்காமல் ஒரு முடிவு எடுத்தார். பத்துச் சாவிகளையும் உள்ளங்கையில் மூடிக்கொண்டு, நீல நூல் சாவியை மட்டும் கழற்றி டீச்சரிடம் நீட்டினார். அது கோழைத்தனமா, நல்ல மனசா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

அடுத்த விநாடியே, "பெற்றுக்கொண்டதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார். போச்சு.

பெரிய அதிகாரி பேனாவை மூடினார். காத்திருப்பு வகுப்பு அங்கேயே நின்றுபோயிற்று. அடுத்த வாரம் ஏழாவது வார்டில் மறுபடி படிவம் நிரப்பினார்கள். இருபத்து நான்கு குழந்தைகள் வெட்டின. மீதி இரண்டுக்கும் டீச்சர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். பத்து நாள் ஆயிற்று. அலமாரி திறந்திருந்தால் பத்து நாள் வேலை. பள்ளி திறந்த அன்று இருபத்தாறு பேரும் ஒன்றாகப் போனார்கள். தையல்காரி மழுங்கின கத்தரிக்குச் சாணை பிடித்துக்கொண்டாள். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

சதவீதம் சார்? மனிதருக்குக் குறைவொன்றும் இல்லை. ஆண்டறிக்கையில், 'ஏழாவது வார்டில் ஒரே வாரத்தில் கைத்திறன் பூஜ்யத்திலிருந்து தொண்ணூற்றிரண்டு சதவீதம்: அலுவலகத்தின் சீரிய தலையீடு' என்று தலைப்புப் போட்டு இரண்டு பக்கம் எழுதினார். அது எப்படிச் சாத்தியமாயிற்று என்று விளக்க வெளியூர்களிலிருந்தெல்லாம் அழைக்கிறார்கள். போகிறார், விளக்குகிறார். சுழற்றும்போது கொத்து கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று மட்டும் மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

அந்த வரைபடத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஏழாவது வார்டில் ஏதோ கோளாறு என்று அது உண்மையைத்தான் சொன்னது. கோளாறு குழந்தையின் கையில் இருக்கிறதா, யாருடைய மேஜையிலாவது இருக்கிறதா என்று எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய கால்கள் அதற்கு இல்லை, நமக்குத்தான் இருக்கின்றன.

நீங்கள் சிரித்துக்கொண்டே வந்தீர்கள், சந்தோஷம். நடுவே உங்கள் மேலதிகாரி, உங்கள் மாமனார், மாடிவீட்டுக்காரர் என்று இரண்டு மூன்று பேருக்கு மனசுக்குள் டிக் போட்டதும் தெரியும். போடுங்கள். ஆனால் உங்கள் வீட்டில் ஒரு குழந்தை இருக்குமே. இன்னும் தானாகத் தண்ணீர் ஊற்றிக் குடிக்கத் தெரியவில்லை, ஒரு பழத்தை நறுக்கத் தெரியவில்லை, அடுத்த வீட்டுக் குழந்தை எல்லாம் செய்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலுத்துக்கொள்வீர்களே. கொட்டிவிடும் என்று தண்ணீர்க் குடத்தை எட்டாத உயரத்தில் தூக்கி வைத்தது யார்? கத்தியை ஒளித்து வைத்தது யார்? எதற்கும் ஒருமுறை உங்கள் சட்டைப் பையையும் இடுப்பையும் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள். நீல நூல் ஏதாவது விரலில் தட்டுப்படும்.